கார்டில் சிக்கிய பதர்

என் கணினிக் கடை அலுமாரியில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறது. அதன் அலுமினியத் தகடுகளுக்கிடையில் ஒரு நெற்பதர் சிக்கியிருக்கிறது. கிளிநொச்சியில் அதைப் பார்த்துவிட்டுத் துடைக்கச் சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. நான் துடைக்கமாட்டேன். அது எங்கள் மிருக வைத்தியர் இருந்த காலத்துப் பதர்.

அந்த வருடம் ஜெயபுரத்தில் ஒரு பட்டி மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட சில நாட்களில் உடம்பெல்லாம் கட்டி கிளம்பியது. அது பரவும் நோய்க் கிருமியா, ஊசியிலிருந்த பலம் குறைந்த கிருமியா என்று தெரியும்வரை பட்டியைத் திறக்கக்கூடாது என்றது மேலிடம். முடிவு வர மூன்று கிழமையாகுமாம். காலபோக நெல் விதைப்புக்கு முன் மாடுகளைக் காட்டுப்பக்கம் மேயச் சாய்ப்பது இங்கே வழக்கம். அடைத்து வைத்தால் போட வைக்கோலும் இல்லை. “மூணு வாரத்துல எலும்புதான் மிஞ்சும் டொக்டரம்மா” என்றார், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பட்டிக்காரர்.

டொக்டரிடம் கையடக்கமான மரபணு வாசிப்பான் ஒன்று இருந்தது. அது மரபணுவை மின்துடிப்புகளாகத்தான் தரும். அவற்றை எழுத்துகளாக்க அவருடைய மடிக்கணினிக்கு நாட்கணக்காகும். நேரே என் கடைக்கு வந்தார். “பொடியள் கேம் விளையாடுற கார்ட் ஒண்டு தாங்கோ. அது ஒரே நேரத்தில ஆயிரம் கணக்குப் போடுமாம்.”

மாடுகளின் கட்டியிலிருந்து எடுத்த மாதிரியை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை. ஆகவே கணினியை நான் ஜெயபுரம் கொண்டுபோனேன். பட்டிக்காரர் வீட்டுத் தகரக் கூரையின் கீழ் கார்ட் கொதித்தது, வேகம் விழுந்தது. “உங்கள் பக்கத்து வெக்கைக்கு இதெல்லாம் சரிவராது” என்றார் மேலிடத்து அதிகாரி தொலைபேசியில். டொக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வெக்கையும் எங்கட, மாடும் எங்கட. நீங்கள் போனை வையுங்கோ.” கார்டைக் குளிர்விக்க, நெல் தூற்றும் காற்றாடியை உழவு மெசினில் பூட்டச் சொன்னார். போன அறுவடைக்குப் பிறகு அதை யாரும் துடைக்கவில்லை என்பதை மூவருமே மறந்துபோனோம். முதல் வீச்சில் பதரெல்லாம் எங்கள் முகத்திலும் திறந்திருந்த கணினிக்குள்ளும் கொட்டியது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் கார்ட் ஓடியது. பொழுது சாயுமுன் விடை வந்தது: ஊசிக் கிருமிதான்.

மறுநாள் காலையே டொக்டர் தன் கையால் பட்டியைத் திறந்துவிட்டார். அனுமதியின்றிச் செய்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. “மாடுகள் காட்டில் நிற்கின்றன. விரும்பினால் அங்கு சென்று விசாரிக்கவும்” என்று பதில் எழுதினார். மேலிடத்து முடிவும் பின்னர் ஊசிக் கிருமி என்றே வந்தது. அதற்குள் அவரை இடம்மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது டொக்டர் இருந்த அதே மிருக வைத்திய அலுவலகத்தில் குளிரூட்டிய அறை, புதிய கருவிகள். போன மாதம் திறப்புவிழாவில் காட்சிக்கு வைக்க இந்தக் கார்டைத் துடைத்துத் தரும்படி ஆள் அனுப்பியிருந்தார்கள்.

“முதல்ல டொக்டரைக் கூப்பிடுங்கோ” என்றேன். “அவா வந்து துடைக்கட்டும்.”

அவரை அவர்கள் கூப்பிடவில்லை. பதர் அப்படியே இருக்கிறது.