அணைத்து வைத்த செல்போன்

நாங்கள் லிவர்மோரில் வசிக்கிறோம். எங்கள் மகள் கயல் முறையாகப் பயிற்சி எடுத்துவிட்டு, போன குளிர்காலத்தில் தோழி சாராவோடு பனிமலை ஏறப் புறப்பட்டாள். நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். “போனை ஜாக்கெட் பாக்கெட்லயே வெச்சுக்கோ. ஆஃப் மட்டும் பண்ணாதே.” அவளும் சரி சரி என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் போன் அணைந்தே இருந்தது. முதலில் கோபம் வந்தது, மதியத்துக்குள் அழுதுவிட்டேன். மாலையில் அவளே கூப்பிட்டாள்.

“எத்தனை தடவைடி கூப்பிடுறது?” என்று கத்தினேன்.

“ஐ ஆம் ஓகேம்மா. சாராவும் ஓகே.”

பனிச்சரிவு சாராவை முழுவதுமாக மூடிவிட்டதாம். இருவரும் நெஞ்சில் சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் கூடிய சிறு கருவி கட்டியிருந்தார்கள். கயல் தன் கருவியில் சாராவின் சிக்னலைத் தேடிப் பிடித்து, ஷவலால் தோண்டி, அவளை உயிரோடு வெளியே எடுத்திருக்கிறாள்.

“பக்கத்துல போன் ஆன்ல இருந்தா சிக்னல் குழம்பிடும்மா. அதான் ஆஃப் பண்ணேன்.”

கார் சாவி கிடைக்காவிட்டால்கூட என்னைக் கூப்பிடுகிற பெண் இவள்!

“பயமா இல்லையாடி?”

“தோண்டறப்போ இல்லம்மா. இப்பதான் பயமா இருக்கு.”

எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் என் மகளை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது. இப்போதெல்லாம் அவள் மலைக்குக் கிளம்பினால், “போனை ஆஃப் பண்ணிடு” என்று நானே சொல்கிறேன். கீழே இறங்கி அவள் கூப்பிடும்வரை நான் கூப்பிடுவதில்லை. என் போனை மட்டும் கையிலிருந்து கீழே வைப்பதில்லை.