பிரேக்கில் ஒரு முனகல்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கோத்தகிரியில் ஒரு கல்லூரியில் மதியத்துக்குள் வேலையில் சேர வேண்டும். அப்பாவோடு என் பழைய காரில் கிளம்பினேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஒரு முனகல் கேட்டது. வண்டி வழுக்கித்தான் நின்றது. மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன்.

மெக்கானிக்குக் கழுத்து வரை நரைத்த தாடி. என்னை ஓட்டச் சொல்லி, அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, இதுல யாருங்க தேங்காயெண்ணெய் ஊத்துனது?"

அப்பா தலைகுனிந்தார். "பிரேக் புடிச்சா கீச்சுன்னு கத்துச்சுங்க. மாட்டுவண்டி அச்சுக்கு ஊத்தறாப்பல நாந்தானுங்க ஊத்திப்போட்டேன்."

எனக்கு முகம் எரிந்தது. அப்பாவைப் பார்க்காமல், "நேரமாச்சுங்க. மெதுவாவே ஏறிக்கறேன்" என்றேன்.

மெக்கானிக் கார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஏறிருவீங்க அம்மணி. எறங்கோணுமில்லீங்க?"

பிரேக் பேடுகளை மாற்றியதும் ஓட்டிப் பார்க்க என்னை அழைக்கவில்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பியபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன சொன்னாரோ, அப்பா இன்றுவரை சொல்லவில்லை. மலையேறும்போது அப்பாவைத் திட்ட நான் சேர்த்துவைத்திருந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.