சொல்லக் கூடாத ஐந்து

மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குப் பிள்ளைகள் இட்ட பெயர் பூட்டு டீச்சர். கணினி அறையைப் பூட்டிப் படியிறங்கிய பின்னும் இருமுறை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதனால் வந்த பெயர். பதினெட்டு ஆண்டுகள் கூட்டலும் கழித்தலும் கற்பித்தவர். வேறொருவரும் ஒப்புக்கொள்ளாமையால், இணையத்தில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்னும் பாடமும் அவர் தலையில் விழுந்தது. பதினொரு கணினி, முப்பத்துமூன்று பிள்ளைகள். ஒரு திரைக்கு மூன்று தலை.

முகமறியாதவரிடம் சொல்லக் கூடாதவை ஐந்து என்று கரும்பலகையில் எழுதினார்: முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், பள்ளி, கடவுச்சொல்.

"யார் கேட்டாலும், எவ்வளவு நல்லாப் பேசினாலும், இந்த அஞ்சைப் பத்தி மட்டும் வாயே திறக்கக்கூடாது."

"எங்கப்பா கேட்டாக்கூடவா, டீச்சர்?" என்றான் முதல் வரிசைக் குறும்பன்.

"ஏன்டா, உங்கப்பாவுக்கு உன் பேரே மறந்துபோச்சா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அச்சு மட்டும் சிரிக்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வந்து சேர்ந்த சிறுமி அவள். எழுத்து அச்சில் வார்த்தாற்போல் இருந்தமையால் அப்பெயர். தாய் துணி தேய்க்கும் கடையில் வேலை செய்பவர். மகளைச் சேர்க்க வந்த அன்று ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: "நாங்க எங்க இருக்கோம்னு அவங்கப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது, டீச்சர்." ஆசிரியையும் தலையசைத்திருந்தார்.

எதையும் கையால் எழுதினால்தான் மனத்தில் பதியும் என்பது ஆசிரியையின் முறை. ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்துத் தத்தம் ஐந்தையும் எழுதச் செய்தார்; எழுதி மடித்துப் பூட்டிய பெட்டிக்குள் போட வேண்டும். மடிக்கும் முன் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"அட, நல்லா இருக்கே! அட்டையோட ஒரு போட்டோ எடுங்க. நம்ம பள்ளிக்கூட இணையப் பக்கத்துல போட்டுடலாம்."

ஆசிரியையே எடுத்தார். "அட்டையை நேராப் பிடிங்க. அச்சு, நீ முன்னால வா. உன் எழுத்துதான் தெளிவாத் தெரியும்."

"பாதுகாப்பாய் இருப்போம்" என்ற தலைப்போடு அன்று மாலையே படம் இணையத்தில் ஏறியது. பலரும் பகிர்ந்தனர். ஆசிரியையின் நாத்தனார் தொலைபேசியில் அழைத்து, "அண்ணி, முன்னால நிக்குற பொண்ணு எழுத்து என்ன அழகு! கதவு நம்பர் வரைக்கும் படிச்சுட்டேன்" என்றாள். எழுத்தைப் பாராட்டியதாகவே ஆசிரியை கொண்டார், அப்போதும் உறைக்கவில்லை.

நான்காம் நாள் அச்சுவின் தாய் வந்தார். கூச்சலில்லை. சூடுபட்ட தழும்புகள் நிறைந்த கையால் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"நேத்து வாசல்ல வந்து நின்னாரு. கதவைத் தட்டல. போனைத் திருப்பி அந்தப் படத்தைக் காட்டினாரு, அவ்வளவுதான். டி.சி. குடுத்துடுங்க, டீச்சர்."

"அம்மா, நான்..."

"நீங்க நல்லவங்கதான். பாப்பாவும் அதான் சொல்றா. நேரமாகுது."

ஆசிரியை படிவத்தை எடுத்தார். "எந்த ஸ்கூல்ல சேர்க்கப்போறீங்க? இங்க எழுதணும்."

தாய் நிமிர்ந்து பார்த்தார். "அதை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பாப்பா சொல்லியிருக்கா. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாம்."

அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டு ஆசிரியை கையெழுத்திட்டார். அழுகை வரும் என்று சற்றுக் காத்திருந்தார், வரவில்லை. மணி அடித்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், மூடினார். இணையத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டதாகத் தலைமையாசிரியை வந்து சொன்னபோது, "சரிங்க மேடம்" என்றார். பின் பெட்டியைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். அச்சுவின் அட்டையையும் கிழித்தார்.

மறுவாரம் நான்காம் வகுப்புக்கு அதே பாடம். கரும்பலகையில் ஐந்தும் ஏறின. பிள்ளைகள் பென்சிலை உயர்த்தினர்.

"எழுதட்டுமா, டீச்சர்?"

"எழுத வேண்டாம். சத்தமில்லாம மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க."

உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. கைப்பேசியோடு தலைமையாசிரியை வாயிலில் வந்து நின்றார். ஆசிரியை எழுந்து சென்று கதவைச் சாத்தினார். உள்தாழ் போட்டார். இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.