சாமி வாளுக்கு நான் வைத்த கூர்

கொடைக்கானல் மலைமேல் இருக்கும் போளூரில் ஸ்பிரேயர் ரிப்பேர் என்றால் ஞானவேல் என்பார்கள். அந்த ஞானவேல் அடியேன்தான். மருந்தடிக்கும் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் மெஷின், பூண்டுக்காட்டு மண்வெட்டி எல்லாம் என் கடைக்கு வரும். பாதி பிழைத்து வீடு திரும்பும், மீதி கடையிலேயே கிடக்கும். எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சாமான் ஓடினால் போதும் என்று விடமாட்டேன். அதற்கு மேலும் ஏதாவது செய்து கெடுப்பேன். வீட்டு மிக்ஸியின் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று ஒருமுறை உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அது சத்தமே போடவில்லை. என் மனைவி முருகேஸ்வரி அம்மியில்தான் அரைக்கிறாள். அரைக்கும்போதெல்லாம் என்னைத்தான் பார்க்கிறாள்.

இப்படிப்பட்டவன் கையில் கருப்பணசாமி கோயில் வாளை ஊர் கொடுத்தது. வேறு வழி இல்லாமல்தான் கொடுத்தது.

போன மழைக்காலத்துக் காற்றில் தைலமரம் ஒன்று கோயில் கூரைமேல் சாய்ந்துவிட்டது. உள்ளே இருந்த வாள் வளைந்து, பிடி பிளந்து, மழையில் ஊறித் துருவேறிக் கிடந்தது. எந்தப் பாளையக்காரர் காலத்து வாளோ, யாருக்கும் தெரியாது. பழனியில் கொடுத்துச் செய்யலாம் என்றால், சாமி வாள் மலையை விட்டு இறங்கக்கூடாது. மெஷினில் போடலாம் என்றால், அதன்மேல் கரண்டு படக்கூடாது. மலைமேலேயே இருந்து, கையாலேயே செய்ய, வேறு சோலி இல்லாத ஆள் வேண்டும். ஊரே என் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

சாமியாடி வேலுமணி என் மனைவியின் அண்ணன். பூண்டு விவசாயம். அதிர்ந்து பேசாத மனிதர். வருஷத்தில் ஒருநாள், திருவிழா அன்று, இரண்டு பேர் தோள்மட்டத்தில் பிடித்திருக்கும் அந்த வாளின் வெட்டுவாய்மேல் வெறுங்காலோடு ஏறி நின்று குறி சொல்வார். அன்றைக்கு மட்டும் அவரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். புளியைக் கரைத்துப் பூசித் துருவை இளக்கினேன். முருகேஸ்வரி பல நாள் புளி இல்லாத குழம்பு வைத்தாள். செங்கல் பொடியும் தேங்காய் நாருமாகத் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே அழிந்துவிட்டது. வளைவை நெருப்பில் காட்டாமல், இரண்டு தைலமரக் கட்டைக்கு நடுவே சாக்கு சுற்றி வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி நிமிர்த்தினேன். கொய்யாக் கட்டையில் புதுப் பிடி செதுக்கினேன். கொடைக்கானல் ஆசாரி ஒருவரிடம் அரக்கு வாங்கிவந்து உருக்கி ஊற்றிப் பிடியைப் பொருத்தினேன். கட்டைவிரலிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

அதோடு எழுந்து போயிருக்க வேண்டும். வியாதி விடவில்லை. வாளின் வாயைத் தடவிப் பார்த்தேன். நாணயத்து விளிம்பு மாதிரி மொட்டையாக இருந்தது. சாமி வாளை இப்படியா வைத்திருப்பது, கவனிக்க ஆள் இல்லையே என்று ஊரையே மனசுக்குள் திட்டினேன். அரத்தால் ராவினேன். பிறகு சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் தீட்டினேன். கடைசியில் முன்கை முடியைச் சிரைத்தது. முருகேஸ்வரிக்குக் காட்டலாம் என்று ஒரு முட்டைக்கோசை வெட்டினேன். கோசோடு அரிவாள்மணைப் பலகையும் இரண்டாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் அம்மியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்துப் பூசை போட்டார்கள். எல்லாரும் மெச்சினார்கள். வேலுமணி மச்சான் வழக்கம்போல வாளின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். சட்டென்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"நல்லாப் பண்ணிருக்கீங்க மாப்ள" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதன்மேல் அவர் ஏறி நிற்கப்போகிறார்.

மறுநாள் வெள்ளனே அவருடைய பூண்டுக்காட்டுக்கு ஓடினேன். களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், கூரு கொஞ்சம் தூக்கலாப் போச்சு. ஒரு தடவ அரத்தக் காட்டிருவமா?"

"பூசை போட்ட வாளு மாப்ள. திருவிழா முடியிற மட்டும் அதுல அரமும் படக்கூடாது, கல்லும் படக்கூடாது."

"அப்ப ஊர்ல சொல்லிருவோம்."

"என்னன்னு சொல்லுவீங்க? இத்தன வருசமா மொட்டையா இருந்துச்சுன்னா?"

அவர் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். திரும்பி வரும் வழியில் எனக்குள் ஒரு மட்டமான நினைப்பும் வந்தது. மொட்டை வாள்மேல் ஏறி நிற்பது என்ன பெரிய காரியம், நான்கூட நிற்பேனே என்று.

திருவிழா வந்தது. வாளைச் செப்பனிட்டவன் என்ற மரியாதைக்கு, பிடிப்பக்கம் பிடிக்கும் உரிமையை எனக்கே கொடுத்தார்கள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். ஏறுவதற்கு முன்னால் சாமியாடியின் காலை மஞ்சள் தண்ணீரில் கழுவ வேண்டும். தங்கை மாப்பிள்ளைதான் கழுவ வேண்டும். உட்கார்ந்து அவர் காலைத் தூக்கி என் தொடைமேல் வைத்தேன். அதுவரை அந்தப் பாதத்தை நான் பார்த்ததே இல்லை. குறுக்கே தழும்பு. அதன்மேல் இன்னொரு தழும்பு. தோல் பிளந்து, ஆறி, மறுபடி பிளந்து, வரப்பு மாதிரி தடித்துப்போயிருந்தது. மொட்டை இரும்பே இதைச் செய்திருக்கிறது. காட்டு வழியில் நினைத்த நினைப்புக்காக எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மச்சான், வேணாம்" என்றேன்.

"வெரசா ஊத்துங்க மாப்ள. மேளக்காரவுக காத்துக்கிட்டு இருக்காக."

மேளம் ஏறியது. வாளின் நுனிப்பக்கம் ஊர் நாட்டாமை தண்டாயுதபாணி, பிடிப்பக்கம் நான். மச்சானுக்கு அருள் வந்தது. எங்கள் இரண்டு பேர் தோளையும் பற்றி மேலே எழும்பினார். வலது காலைத் தூக்கினார். "ஆட்டாம புடிய்யா" என்று நாட்டாமை என்னைக் கடிந்தார். உள்ளங்கால் வாளைத் தொட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மேளம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் மச்சான் தரையில் நிற்கிறார்.

"ஏலே, என் வாளு செத்துப் பொழச்சு வந்திருக்கு" என்றது சாமி. "இப்ப அது பச்சப்புள்ள. பச்சப்புள்ள மேல எவனாச்சும் ஏறி மிதிப்பானாடா?"

பெண்கள் குலவை போட்டார்கள். நானும் சேர்ந்து போட்டிருப்பேன், ஆண் குலவை போட்டால் ஊர் சிரிக்கும்.

சாமி என் பக்கம் திரும்பியது. "ஒரு வருசம் போகட்டும். அடுத்த திருவிழா வரைக்கும் என் மடப்பள்ளி வெறகு பூராம் இந்த வாளாலதான் வெட்டணும். இதத் தீட்டுனவனே வெட்டணும்."

மறுவாரம் கோழிக்குழம்பு சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன். "மச்சான், அன்னைக்குச் சொன்னது சாமியா, நீங்களா?"

"எனக்கென்ன மாப்ள தெரியும். சாமி வந்துட்டா நான் எங்கிட்டு இருக்கேன்" என்று எலும்பைக் கடித்தார்.

இப்போது காலையில் கடையைத் திறப்பதற்கு முன் கோயிலடியில் வாட்டில் மரத்து விறகுக் கட்டை வெட்டுகிறேன், பாளையக்காரர் காலத்து வாளால். போகிற வருகிறவர்களெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், வாளைத்தான். நான் தீட்டிய கூர் ஒவ்வொரு வெட்டுக்கும் மழுங்குவது என் பல்லில் கேட்கிறது. காட்டுக்குப் போகும் வழியில் மச்சான் நிற்பார். ஒன்றும் பேசாமல் கட்டைவிரலை வாளில் ஓட்டிப் பார்ப்பார்.

"இன்னும் கொஞ்சம் வெட்டுங்க மாப்ள" என்பார்.

அந்த உள்ளங்காலை நினைத்துக்கொண்டு அடுத்த கட்டையை எடுத்து வைக்கிறேன். ரிப்பேர் பார்த்து நான் கெடுத்த சாமான்கள் எத்தனையோ உண்டு. கெடுக்க வேண்டும் என்றே உட்கார்ந்து, ஒழுங்காகக் கெடுக்கும் முதல் சாமான் இதுதான்.