வருடத்துக்கு ஒரு கிழமைச் சீதன வீடு

நவம்பர் மாதத்தில் ஒரு கிழமை, அதாவது ஏழே ஏழு நாள், மட்டும் குடியிருக்கக்கூடிய வீட்டை என் வாப்பா எனக்குச் சீதனமாக வாங்கியிருந்தார். அப்படித்தான் வாங்கியிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. கடதாசியை வாசித்து விளங்கியவள் நான் ஒருத்திதான். போன வருடம் அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அல்லாஹ் என்னை அதிலிருந்து எப்படி வெளியே எடுத்தான் என்பதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், சகோதரிகளே.

எங்கள் ஊர் கல்முனைக்குப் பக்கத்தில். இங்கே பெண் பிள்ளை பிறந்ததும் வாப்பாமார் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கொடுக்க வேண்டும். இது சரியா பிழையா என்று வெள்ளிக்கிழமை பயானில் மௌலவி சொல்லக் கேட்கிறோம். சனிக்கிழமை போய் சீமெந்து வாங்குகிறோம்.

நான் கட்டடப் படம் கீறும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எதையும் இலக்கம் போட்டு யோசிப்பது என் பழக்கம். வாப்பா நெல் வியாபாரி. வயல்களில் நெல்லெடுத்து சம்மாந்துறை ஆலைகளுக்குக் கொடுப்பவர். அவருடைய தொழிலில் கடதாசி கிடையாது. வரம்பில் நின்று, கையைப் பிடித்து, ஒரு விலை சொன்னால் அதுதான் விலை. மழை பெய்தாலும் சந்தை விழுந்தாலும் அது மாறாது. உலகம் முழுவதும் இப்படித்தான் வியாபாரம் செய்கிறது என்று அவர் நம்பியிருந்தார்.

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஒரு நாள் நெல் விசயமாகப் பொத்துவிலுக்குப் போனார். அங்கே டை கட்டிய ஒரு பையன் சலாம் சொல்லி, "ஹாஜியார், பகல் சாப்பாடு எங்கட விருந்து" என்று அழைத்திருக்கிறான். வாப்பா ஹஜ்ஜுக்குப் போனதில்லை. போகாத ஹஜ்ஜுக்குக் கிடைத்த மரியாதை அவரைப் பக்கத்து அறுகம்பே கடற்கரையில் விடுதி ஒன்றின் குளிரூட்டிய மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனது. சாப்பிட்டார். படம் காட்டினார்கள். பின்னேரம் ஒரு ரைஸ் குக்கரோடு வீட்டுக்கு வந்தார். அது அன்பளிப்பாம்.

"புள்ள, ஒனக்கு வீடு எடுத்திட்டன்!" என்றார் வாசலிலேயே. "கடலப் பாத்த வீடு! மாப்புள்ள பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம்!"

எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை பொத்துவிலில் கணித ஆசிரியர். சம்மாந்துறையிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர். ஆகவே வாப்பாவின் யோசனையில் பிழை சொல்ல முடியாது. வீட்டுக்கென்று சேர்த்து வைத்த பணத்தை முற்பணமாகக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் உம்மாவுக்கு, அதாவது என் வருங்கால மாமிக்கு, வழியில் இருந்தே தொலைபேசியில் வாக்கும் கொடுத்துவிட்டார்.

நான் ஒப்பந்தத்தை வாங்கி முழுதாக வாசித்தேன். டைம்ஷெயார் என்று இதற்குப் பெயர். ஒரே அறையை ஐம்பது பேருக்கு விற்பார்கள், ஆளுக்கு ஒரு கிழமை. எங்களுக்கு விழுந்தது நவம்பர். கடல் கொந்தளிக்கும், மழை கொட்டும், வாப்பா விதைப்புக் காலத்தில் வயல் வயலாகத் திரிவார். போனாலும் போகாவிட்டாலும் வருடாவருடம் பராமரிப்புக்குக் கட்ட வேண்டும். கையெழுத்திட்டவருக்குப் பின் வாரிசுகளையும் இது கட்டுப்படுத்தும் என்று கடைசியில் இருந்தது. வாரிசு நான்தான்.

"வாப்பா, இது வீடில்ல. ஒரு அறை. அதுவும் வருசத்துல ஒரு கிழமைக்குத்தான்."

"அது இங்கிலீசுக் கடதாசி புள்ள. அந்தத் தம்பி தமிழ்ல சொன்னான், 'ஹாஜியார், இனி இது ஒங்கட வீடு' என்டு. கையப் புடிச்சில்லா சொன்னான்!"

"கடதாசியில இரிக்கிற படத்தப் பாருங்க. சமைக்கக் குசினியே இல்ல."

வாப்பா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "ஓம், குசினி இல்லதான்," என்றார். "மேசனக் கூட்டிட்டுப் போகணும்."

நான் செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன். ரத்துச் செய்யும்படி கடிதம் அனுப்பினேன். ரத்து இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. தொலைபேசியில் அழைத்தால் பாட்டுப் போட்டார்கள். முழுப் பாட்டும் மனப்பாடமானது. சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். மனம் மாறினால் விலகலாம் என்று கொடுத்த கொஞ்ச நாளும் கடந்துவிட்டது, வழக்குப் போட்டால் உங்கள் பிள்ளையின் கல்யாணத்துக்குள் முடியும் என்றார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

மாமியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். உம்மாவின் கண் கலங்கியது. "சொன்னா உன்ட கலியாணம் போகும், அது ஒரு பக்கம். ஒங்க வாப்பாட வாக்கு பொய்யாப் போச்சுதென்டா, அந்த மனிசன் மறுகா எந்த வயல்ல இறங்கிக் கைய நீட்டுவார்?"

அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. கல்யாணம் போனால் இன்னொன்று வரலாம். வாப்பாவுக்கு அவருடைய வாக்கைத் தவிர வேறு முதல் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாமி செய்தி அனுப்பினார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வரும் சனிக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். "கொஞ்சப் பேர்தான்" என்றாராம். சம்மாந்துறையில் கொஞ்சப் பேர் என்றால் ஒரு பஸ். வாப்பாவுக்கு ஒரே சந்தோசம். வீடு பார்ப்பதோடு யாசீன் ஓதி, துஆக் கேட்டு, சாப்பாடும் கொடுத்துக் குடிபுகுந்துவிடலாம் என்று தீர்மானித்தார்.

எல்லா வாசலும் அடைபட்ட பிறகுதான் நான் தொழுகைப் பாயில் சரியாக உட்கார்ந்தேன். அதற்கு முன்பும் தொழுதேன்தான். ஆனால் இப்படி உட்கார்ந்ததில்லை. ஒவ்வொரு சுபஹுத் தொழுகைக்குப் பிறகும் கையேந்தி அழுதேன். அழும்போதும் என் பழக்கம் போகவில்லை. "யா அல்லாஹ், முதலாவது, ஒப்பந்தம் ரத்தாக வேண்டும். இரண்டாவது, கொடுத்த பணம் திரும்ப வேண்டும். மூன்றாவது, மாமியின் பயணம் நிற்க வேண்டும். அது முடியாவிட்டால் பஸ் பழுதாக வேண்டும். யாருக்கும் காயம் ஏற்படாமல், சம்மாந்துறை ஆலைகளுக்குக் கிட்டவே பழுதானால் நல்லம், திரும்பிப் போக வசதி."

பின்னால் உம்மா நின்றிருக்கிறார். "என்னகா, அல்லாஹ்க்கு டெண்டர் போடுறியா?" என்றார்.

சனிக்கிழமை வந்தது. பயணம் நிற்கவில்லை. பஸ்ஸும் பழுதாகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பட்டறையில் கிடக்கும் அந்தப் பஸ் அன்று ஓடிய ஓட்டத்தை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். எங்கள் வேன் பின்னால் போனது. வேனுக்குள் பெரிய சட்டிகள், விறகு, பாய்கள், ஓதுவதற்கு லெவ்வை, உளியும் சுத்தியலுமாகப் பரீட் மேசன். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அல்லாஹ் என் துஆவை ஒதுக்கிவிட்டான் என்று நினைத்து அழுதுகொண்டே போனேன்.

விடுதி வாசலில் காவலாளி மறித்தான். வாப்பா ஒப்பந்தத்தைக் காட்டி, "வீட்டுக்காரன் நான்தான் மனே" என்றார். சொந்தக்காரர் என்று அச்சடித்திருந்ததால் அவன் விட்டுவிட்டான். பிறகுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்தான். அப்போது நேரம் கடந்துவிட்டது.

புல்தரையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். நீச்சல் தடாகத்தைச் சுற்றி வந்த மாமியின் தங்கை, "ராத்தா, நெல்லு ஊறப் போட நல்ல தொட்டி ஒண்டு கட்டிரிக்கிறாங்க" என்றார். மாமிக்கும் திருப்தி. பரீட் மேசன் ஒப்பந்தத்தில் இருந்த கீழ் அறைக்குள் போய், எந்தச் சுவரை உடைத்தால் குசினிக்குக் காற்று வரும் என்று தட்டித் தட்டிப் பார்த்தார். அலையில் சறுக்கி விளையாட வந்த வெள்ளைக்காரப் பையன்கள், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சகன் தட்டைப் பார்த்து வியந்து நின்றார்கள். எங்கள் மாமாமார் விடுவார்களா? இழுத்து இருத்திவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன் லெவ்வை யாசீன் ஓதி துஆக் கேட்டார். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. எல்லா வீட்டிலும் கேட்பதைத்தான் கேட்டார். "யா அல்லாஹ், எங்களுக்கு ஹக்கில்லாத பொருளை எங்களை விட்டும் தூரமாக்குவாயாக. எங்களுக்கு உரிய பொருளை எங்களிடமே திருப்பித் தருவாயாக."

எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். பக்கத்து மண்டபத்திலிருந்து எட்டிப் பார்த்த டை கட்டிய பையனும் ஆமீன் சொன்னான். அந்த மண்டபத்தில் அன்றும் ஒரு கூட்டம் இலவசச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முகாமையாளர் ஓடி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "ஐயா, என்ன இது? சுவருக்கு யார் உளி வச்சது?"

"குசினி ஒண்டு இறக்கப் போறம்," என்றார் வாப்பா. "நீங்களும் இருங்க மனே, சோறு ஆறுது."

"இது உங்கட வீடில்ல ஐயா!"

முகாமையாளர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு அறை. ஒரு கிழமை. நவம்பர்.

"அப்ப மத்தக் கிழமையெல்லாம் என்ட மகன் எங்க படுக்கிற?" என்று மாமி கேட்டார்.

வாப்பா டை கட்டிய பையனைப் பார்த்தார். "தம்பி, நீ கையப் புடிச்சிச் சொன்னியே?" அவன் குனிந்து தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தான். வாப்பாவின் முகம் அன்று சுருங்கியதைப் போல நான் பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். அதைவிட, வாப்பா முடிந்தார் என்று நினைத்தேன்.

மாமி எழும்பினார். நேராக முகாமையாளரிடம் போனார்.

"மௌத்தாப் போன என்ட மனிசன் இவருக்குத்தான் நெல்லுக் குடுத்த. ஒரு துண்டு கடதாசி இல்ல. ஒரு போகமாவது சொன்ன சொல்லு மாறினதும் இல்ல. அப்படிப்பட்ட மனிசன இருத்தி வச்சி ஏமாத்தியிரிக்கிறீங்க. இப்ப ஒரு பதிலச் சொல்லுங்க. இது எங்கட வீடென்டா மேசன் சுவர உடைப்பார். எங்கட வீடில்லாட்டி குடுத்த காசத் தந்து கடதாசியக் கிழிங்க. ரெண்டுல எது?"

பரீட் மேசன் உளியைத் தூக்கிக்கொண்டு பதிலுக்காகக் காத்து நின்றார். அவருக்கு நாட்சம்பளம், எதுவென்றாலும் சரி.

இதற்குள் மண்டபத்துக் கூட்டமும் வெளியே வந்துவிட்டது. அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் கையெழுத்து வைக்க எடுத்த பேனையை மூடி, "தம்பி, எங்களுக்கும் ஒரு கிழமைதானா?" என்று கேட்டார். மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். முகாமையாளர் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தார். அவர்களோடு பேச நான் எத்தனை நாள் பாட்டுக் கேட்டேன்! அவருக்கு உடனே எடுத்தார்கள். சோறு ஆறுமுன் பதில் வந்தது: ஒப்பந்தம் ரத்து, முற்பணம் திரும்பத் தரப்படும், தயவு செய்து பஸ்ஸை எடுங்கள்.

நான் அதை எழுத்தில் கேட்டேன். எழுதி முத்திரை குத்தித் தந்தார்கள். அந்த மாதத்துக்குள்ளேயே பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பும்போது மாமி எங்கள் வேனில் ஏறினார். வாப்பா, "வெக்கமாயிரிக்கி" என்று மட்டும் சொன்னார்.

"எனக்குச் சிரிப்பாயிரிக்கி மச்சான்," என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ படம் கீறுற புள்ளதானே? உனக்கு எப்படி வீடு வேணுமோ நீயே கீறு. பெரிசா வேணாம். கட்டி முடியுமட்டும் நாங்க காத்திரிக்கிறம். என்ன அவசரம்? குசினிய மட்டும் மறந்திராத."

என் மாப்பிள்ளை பஸ்ஸின் பின் ஜன்னலால் எங்கள் வேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாராம். உம்மா சொன்னார். நான் பார்க்கவில்லை, தலை குனிந்து அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்துகொண்டிருந்தேன்.

எதை நிறுத்தச் சொல்லி நான் அழுதேனோ அந்தப் பயணத்துக்குள்ளேதான் அல்லாஹ் விடுதலையை வைத்திருந்தான். அந்தப் பஸ் பழுதாகியிருந்தால் நாங்கள் இன்றும் நவம்பர்க் கிழமைக்குக் கட்டிக்கொண்டிருப்போம். மனிதர்கள் அடைத்த வாசலை அவன் ஒரு சட்டிச் சோற்றையும் மாமியின் வாயையும் கொண்டு திறந்தான்.

இந்த மாசியில் எங்கள் வீட்டு வளவில் அத்திவாரம் போட்டோம். இரண்டு அறை, ஒரு விறாந்தை. நிக்காஹ் இன்ஷா அல்லாஹ் அடுத்த போகத்துக்குப் பின். வாப்பா பழையபடி வயல்களில் கையைப் பிடித்து விலை பேசுகிறார். ஆங்கிலக் கடதாசி வந்தால் மட்டும் என்னிடம் கொண்டுவருகிறார். நானும் அலுவலகத்தில் இன்னும் இலக்கம் போட்டுத்தான் எழுதுகிறேன். தொழுகைப் பாயில் தேவையை மட்டும் சொல்கிறேன். வழியைச் சொல்வதில்லை.

உங்களில் யாராவது கையெழுத்தொன்றில் சிக்கிக் கிடக்கிறீர்களா? யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறதா? அவனிடம் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பிறகு எழும்பி, எழுத வேண்டிய கடிதத்தை எழுதுங்கள், சந்திக்க வேண்டியவர்களைச் சந்தியுங்கள். நீங்கள் பயப்படுகிற விருந்தாளி வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். உங்கள் துஆவுக்கான பதில் அவருடைய கையில் இருக்கலாம்.