ஆசிரியர் பிழை

வீட்டில் அவளை மைனஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த பெயர். கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் அது அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. கணவர் ஆசையாகத்தான் கூப்பிடுவார். அப்போதும் அவளுக்குக் கண்முன் வருவது ஒரு சுண்ணாம்புச் சுவர்.

பெயரை வைத்தவர் கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்பில் வர்க்கமூலம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பதுக்கு மூன்று, இருபத்தைந்துக்கு ஐந்து என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டுக்கொண்டே வந்தவர், இவள் முறை வந்தபோது மைனஸ் பதினாறுக்கு என்ன என்றார். கரும்பலகையில் மைனஸ் நான்கு என்று எழுதினாள். பெருக்கிக் காட்டச் சொன்னார். மைனஸ் நான்கை அதே மைனஸ் நான்கால் பெருக்கினால் பிளஸ் பதினாறு. வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப வேற எந்த எண் சார்?"

"அப்படி ஒரு எண்ணே கிடையாது. திரும்பு."

அதுதான் அவருடைய தண்டனை. பிரம்பைத் தொடாத வாத்தியார் என்று ஊரில் நல்ல பெயர். முதல் தப்புக்கு, கரும்பலகையைப் பார்த்து நிற்பவர் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டாவது தப்புக்கு அதே மாதிரி இன்னொரு திருப்பு. முகம் பின்சுவருக்கு வந்துவிடும். அவள் ஜன்னலைப் பார்த்து நின்றபடி, ஏன் கிடையாது என்று கேட்டுத் தொலைத்தாள். அது இரண்டாவது தப்பு.

பின்சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதைச் சுற்றித் துரு வழிந்து காய்ந்திருந்தது. அந்த வாரம் முழுக்கக் கணக்குப் பாடவேளையில் அவளுக்கு அந்த ஆணிதான் கரும்பலகை. முதுகுக்குப் பின்னால் யாராவது தடுமாறினால், "என்ன, நீயும் மைனஸ் பக்கத்துல போய் நிக்கிறியா?" என்பார் வாத்தியார். சிரிப்பு கேட்கும். அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, இந்தப் பெண்ணுக்குக் கணக்கு மைனஸ், வேறு எதிலாவது போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்பா டைப்ரைட்டிங்கில் போட்டார்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பாளோ என்னவோ. அதே வருடம் அண்ணன் பதினொன்றாம் வகுப்பு. அவனுக்கும் அதே வாத்தியார். ஒருநாள் அவன் நோட்டுக்கு அட்டை போடும்போது, மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் என்று தலைப்பிட்டு நாலு பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்தாள். எண்ணுக்கு ஓர் எழுத்துகூட வைத்திருந்தார்கள், i என்று. இது என்ன என்று அண்ணனைக் கேட்டாள். கற்பனை எண், உனக்கெதுக்கு, மைனஸ்? என்றான்.

வாத்தியார் தெரியாமல் சொல்லவில்லை. கீழ் வகுப்பில் இல்லை என்று சொல்லிவிட்டு, மாடி ஏறிப்போய் இருக்கிறது என்று நடத்தியிருக்கிறார். அட்டையின் ஓரத்தை நகத்தால் அழுத்தி மடித்தாள். அன்றைக்கு வைத்த வஞ்சம் அவளோடு சேர்ந்து வளர்ந்தது.

டைப்ரைட்டிங் அவளை ஓர் அச்சகத்தில் கொண்டுபோய் விட்டது. புரூஃப் பார்க்கும் வேலை. கணக்குப் புத்தகங்கள் வந்தால் மற்றவர்கள் தலையைச் சொறிவார்கள். இவள் கேட்டு வாங்கிக்கொள்வாள். பதினெட்டு வருடங்களில் கல்லூரிப் பாடம் வரைக்கும் சிவப்புப் பேனாவாலேயே படித்துவிட்டாள்.

கற்பனை எண் மட்டும் நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. ஒரு புத்தகத்தில் மைனஸ் ஒன்றால் பெருக்குவது என்றால் எதிர்ப்பக்கம் திரும்புவது என்று போட்டிருந்தார்கள். எட்டு என்றால் முன்னால் எட்டு அடி. மைனஸ் எட்டு என்றால் முதுகைக் காட்டித் திரும்பி எட்டு அடி. அப்படியானால் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் எது? இரண்டு முறை செய்தால் முழுதாகத் திரும்பியிருக்க வேண்டும். ஒரு முறை செய்தால்?

பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு முறை செய்தால் ஜன்னல். இரண்டு முறை செய்தால் பின்சுவர்.

கேள்வி கேட்டதற்காக அவர் அவளை விடைக்குள்ளேயே நிறுத்தியிருந்தார். ஒரு வாரம். அவருக்கே அது தெரியாது. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. சந்தோஷமா ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

வாத்தியார் ஓய்வு பெற்று வழிகாட்டி நூல் எழுதத் தொடங்கியிருந்தார். அது அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான்கின் கால் அதே மாதிரி இடப்பக்கம் வளைந்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கற்பனை எண்கள். மைனஸ் நான்கின் மூலத்தை மைனஸ் ஒன்பதின் மூலத்தால் பெருக்கச் சொல்லி ஒரு கணக்கு. இரண்டையும் ஒரே மூலக்குறிக்குள் தள்ளி, மைனஸும் மைனஸும் பிளஸ், முப்பத்தாறு, ஆகவே விடை ஆறு என்று முடித்திருந்தார்.

அவள் இரண்டு முறை பார்த்தாள். முதலில் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும். அது இரண்டு i. மற்றதும் ஜன்னல் பக்கம்தான், மூன்று i. பெருக்கினால் எண் ஆறு, திருப்பு இரண்டு. விடை பின்சுவரில் இருக்கிறது. மைனஸ் ஆறு.

அச்சகத்தில் ஒரு வழக்கம். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். விஷயத்தில் சந்தேகம் வந்தால் திருத்தக்கூடாது, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு தடவைதான். அவர் எழுதித் தருவதுதான் முடிவு. அவள் '−6?' என்று சின்னதாக எழுதி அனுப்பினாள்.

அவர் நேரிலேயே வந்துவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியிடம் பேசுவது கேட்டது. எழுத்துப்பிழை பார்க்கிறவர்களைக் கணக்கு பார்க்கவிட்டால் இப்படித்தான், மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ் என்பது குழந்தைக்கும் தெரியும் என்றார். புரூஃப் தாளில் அவள் கேள்வியைக் குறுக்கே அடித்து, 'ஆறு சரி. மாற்றக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

பக்கம் கட்டும் பெண் மானிட்டரிலிருந்து தலையைத் திருப்பினாள். "அக்கா, நீங்க எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? ரெண்டு வரில முடியுற கணக்குன்னு சொன்னீங்களே."

"கேட்டாச்சு. ஒரு தடவைதான் கேக்கணும்."

அச்சானதும் புரூஃப் தாள்கள் பழைய பேப்பருக்குப் போகும். இந்த ஒரு தாளை மட்டும் அவள் நாலாக மடித்தாள். எங்கோ ஒரு பெண் பரீட்சையில் ஆறு என்று எழுதப்போகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பையும் அதே மடிப்புக்குள் வைத்து இரும்பு அலமாரியைப் பூட்டினாள்.

அடுத்த பரீட்சை முடிந்ததும் வந்தது வினை. அதே மாதிரிக் கணக்கு கேட்டிருந்தார்கள். வழிகாட்டியை நம்பிய பிள்ளைகள் எல்லோரும் பிளஸ் எழுதி மதிப்பெண் இழந்தார்கள். பெற்றோர்கள் கடையில் சண்டை போட்டார்கள், கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். மற்ற நூலாசிரியர்கள் முதலாளிக்குப் போன் செய்து, உங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்க்க ஆள் இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

வாத்தியார் கையில் குடையோடு அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் முதலாளி. மிச்சப் பிரதிகளில் ஒட்ட ஒரு திருத்தச் சீட்டு வேண்டும் என்றார் வாத்தியார். அச்சுப்பிழை என்று தலைப்புப் போட்டால் போதும். யார் தப்பு செய்தாலும் அப்படிப் போட்டுக்கொள்வதுதான் எல்லா அச்சகத்திலும் மரியாதை.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். தாளை மேஜைமேல் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டாள். முதலாளி குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பல நாள் காணாத ஒரு நிம்மதி.

"கையெழுத்து உங்களதுதானே சார்?" என்றார்.

அவள் முன்பே அடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். 'ஆசிரியர் பிழை. பக்கம் 112: 6 என்பதை −6 எனத் திருத்திக்கொள்க.'

"என்னம்மா இது?" என்றார் வாத்தியார். "ஆசிரியர்னு போட்டா வாத்தியார்னும்தான் படிப்பாங்க. ரெண்டு அர்த்தம் வருது."

"ரெண்டுமே சரியா வருது சார்."

"ஒரு வார்த்தைதானேம்மா. மாத்தினா என்ன குறைஞ்சிடப்போகுது?"

"எனக்கும் நீங்க ஒரு வார்த்தைதான் வச்சீங்க. மைனஸ்னு."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்த நிமிடம் இது. அவர் திடுக்கிடுவார், தடுமாறுவார், மன்னிப்புக்கூடக் கேட்பார். அவர் கண்ணில் ஒன்றுமே இல்லை.

"எத்தனையோ பசங்களை எத்தனையோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்" என்றார். "ஞாபகமில்லையேம்மா."

கொஞ்சநஞ்சம் இரங்கியிருந்தாலும் இரங்கியிருப்பாள். அந்த வார்த்தையோடு அதுவும் போயிற்று. "பரவாயில்லை சார். சீட்டுல இருக்கிறது எல்லார் ஞாபகத்திலயும் இருக்கும்."

வாத்தியார் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சீட்டைப் பார்த்தார். மரியாதை வேறு, அச்சகத்தின் பெயர் வேறு என்று அவர் கணக்குப் போட்டு முடிக்க அதிக நேரமாகவில்லை. சீட்டின் அடியில் சரி என்று குறித்துப் பக்கம் கட்டும் பெண்ணிடம் நீட்டினார்.

வாத்தியார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்க்கட்டிடத்தின் சுவர்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்து நின்றார். பிறகு அதே மாதிரி இன்னொரு திருப்பு. இப்போது அவர் முதுகு அவளுக்கு நேராக இருந்தது.

அவர் வாசலைத் தாண்டும் வரைக்கும் அவள் உட்காரவில்லை.