ஷெட்டுச் சுவரில் ஆறாவது படம்

முதலமடையில் நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. போர் போட வந்தவனே "இங்க தூசிதான் வருமுங்க" என்று கையை விரித்த நிலத்தில் எண்ணூறு மாமரம் வைத்தேன். பாதி செந்தூரம், பாதி பங்கனப்பள்ளி. தகரக் கொட்டகையாக இருந்த பேக்கிங் ஷெட்டை ஒரே சமயத்தில் நாலு லாரி நின்று லோடு ஏற்றும் அளவுக்குக் கொண்டுவந்தேன். பெட்டியில் என் மார்க்கைப் பார்த்துவிட்டுத் திறக்காமலே எடுத்துக்கொண்ட டில்லி வியாபாரிகள் உண்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு. இந்தி பேசுவேன், மலையாளம் பேசுவேன். விவசாய ஆபீசான கிருஷி பவனில் என் காகிதம் எந்த மேசையில் தூங்குகிறது என்று போகாமலே சொல்வேன்.

இவற்றோடு ஒரு சுவரும் உண்டு. வேலை செய்கிறவர்களுக்கு டென்ஷன் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த சுவர். அதைப் பற்றித்தான் எங்கள் மாங்காய் வியாபாரிகள் சங்கம் இப்போது கையேடு போடுகிறது. அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி எனக்கும் வந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தேன். என் பெயர் எங்குமே இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே சொல்லி எழுத வைக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

1. மயிலாத்தா விழுந்தது

மாங்காயைப் புழு கெடுப்பதைவிட அதன் பாலே அதிகம் கெடுக்கும். காம்பைக் கிள்ளியதும் பீறிட்டு வரும் பால் தோலில் பட்டால் அன்றைக்கு ஒரு தடம் மட்டும்தான் தெரியும். லாரி டில்லி போய்ச் சேருவதற்குள் அந்த இடம் கருகிவிடும். அதனால் காம்பு கிள்ளக் கைப்பதம் உள்ள பெண்களாகப் பார்த்து வைப்போம். கிள்ளிய நொடியில் பழத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாலை வடியவிட வேண்டும். என் ஷெட்டில் அந்த வேலைக்கு மயிலாத்தாதான் தலை. அப்போதே பதினாறு வருடமாக என்னிடம் இருந்தவள்.

அந்த சீசனில் கறுப்புக் கறை, கறுப்புக் கறை என்று டில்லியிலிருந்து ஓயாத புகார். நான் சும்மா இருப்பேனா? ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சொல்லாமல் ஷெட்டுக்குள் நுழைவேன். கட்டி முடித்த பெட்டி ஒன்றைத் தூக்கி வைக்கோல்மேல் கவிழ்ப்பேன். ஒரு பழத்தில் பால் வழிந்த தடம் இருந்தாலும் போதும், அந்தப் பெட்டியைக் கட்டியவள் எல்லோர் முன்னாலும் வாங்கிக்கட்டிக்கொள்வாள். நான் வளர்ந்த விதம் அப்படி. என்னை யாரும் தட்டிக்கொடுத்து வளர்க்கவில்லை.

ஒருநாள் காலை அப்படி ஒரு பெட்டியைக் கவிழ்த்தபோது மயிலாத்தா எழுந்திருக்கப் பார்த்தாள். எழ முடியாமல் அடுக்கியிருந்த பெட்டிகளின்மேல் சாய்ந்தாள். ஜீப்பில் போட்டு கொல்லங்கோட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். பிரஷர் ஏறி இடது கை மரத்துப் போயிருந்தது. அங்கிருந்த மலையாளி நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஷெட்டுல என்னா இத்தர டென்ஷன், சேட்டா?"

"டென்ஷனா? ஃபேன் போட்டிருக்கறேன், நேரத்துக்கு டீ குடுக்கறேன், கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்கறேன். இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் குடுக்கறான் இத்தனையும்?"

"அது நான் கேட்டில்லா. அவங்களுக்கு எப்போ நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு உங்களுக்கு அறியுமோ?"

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்று என் ஷெட்டுக்குள் இருக்கிறது என்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

2. சுவர்

ஒரு வாரத்தில் மயிலாத்தா திரும்பி வந்தாள். காம்பு கிள்ள முடியாது என்பதால் பெட்டி எண்ணும் வேலையில் உட்கார வைத்தேன். அன்றைக்கே வெள்ளையடித்த சுவரில், பெட்டிக்கு மார்க் போடும் மையால் ஐந்து படம் வரைந்தேன். மேகம், லாரி, போன், வீடு, மாங்காய். எழுத்து வேண்டாம் என்பது என் யோசனை. ஷெட்டில் பாதிப்பேருக்கு என் படிப்புகூடக் கிடையாது.

"எப்பெல்லாம் நெஞ்சு அடிச்சுக்குதோ, எதனால அடிச்சுக்குதோ, அந்தப் படத்துக்குக் கீழ ஒரு கோடு போடோணும். யாரு போட்டான்னு நான் கேக்க மாட்டேன்" என்றேன்.

"மாமியாருக்குத் தனிப்படம் இல்லீங்களா?" என்று பெட்டி ஒட்டும் சரசு கேட்டாள்.

"ஊட்டுக்குள்ள அவளும் அடக்கம். அங்கயே போட்டுக்க."

"அப்பச் சுவரு பத்தாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். லாரிக்குத்தான் கோடு அதிகம் விழும் என்று என் கணக்கு. லாரி வராத நாளில் எனக்கே தலை வெடிக்கும்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் சுவரில் ஆறாவதாக ஒரு படம். தலைகீழாகக் கவிழ்ந்த ஒரு பெட்டி, அதிலிருந்து உருண்டு விழும் மாங்காய்கள். அதற்குக் கீழே போட்ட கோடுகள் இடமில்லாமல் தரைவரைக்கும் இறங்கியிருந்தன. மற்ற ஐந்தையும் கூட்டினாலும் அவ்வளவு வராது.

கேட்க மாட்டேன் என்று சொன்னது எனக்கு மறந்துவிட்டது. "எவ வரைஞ்சது?" என்றேன்.

பெட்டி எண்ணிக்கொண்டிருந்த மயிலாத்தா நிமிர்ந்தாள். "நாந்தானுங்க. இந்தக் கைதான் போயிருச்சு, வரையற கை நல்லாத்தான் இருக்குது."

"எம்பட சுவத்துல என்னையவே வரைவியா?"

"உங்களை எங்கீங்க வரைஞ்சேன்? பொட்டியத்தானுங்களே வரைஞ்சிருக்குது."

பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது.

"பதினாறு வருசம் சோறு போட்டதுக்கு நல்ல மரியாதை."

"சோறு நாங்க ஒழைச்சுத் திங்கறதுங்க. கோவிச்சுக்காமக் கேளுங்க மொதலாளி. உங்க வண்டிச் சத்தம் மேட்டுல கேக்கறப்பவே கையெல்லாம் வேர்த்துருது. வேர்த்த கையில காம்பு வழுக்குது. பழத்தைத் திருப்பறதுக்குள்ள பாலு தோலுல பட்டுருது. நீங்க கொட்டக் கொட்டத்தானுங்க கறை அதிகமாகுது."

வெளியே வந்துவிட்டேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க இவள் யார் என்றுதான் அன்று முழுக்க இருந்தது. ஆனாலும் நான் சோதித்துப் பார்க்காமல் எதையும் தள்ளுகிறவன் இல்லை. இரண்டு நாள் ஷெட்டுப் பக்கமே போகவில்லை. அந்த இரண்டு நாளில் கட்டிய பெட்டிகளுக்குத் தனி மார்க் போடச் சொல்லி லாரி ஏற்றினேன். சரக்குப் போய்ச் சேர்ந்ததும் டில்லி வியாபாரி தானாகவே போன் செய்தான். புது மார்க் சரக்கு சுத்தமாக இருக்கிறதாம், பெண்களை மாற்றிவிட்டாயா என்று கேட்டான்.

பெண்களை மாற்றவில்லை. நான் கவிழ்ப்பதைத்தான் நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெட்டி, மாலை டீக்கு முன்னால். கட்டியவளே திறந்து காட்டுவாள், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பேன். தப்பு இருந்தால் அவளிடம் மட்டும் சொல்வேன். மற்ற படங்களையும் விடவில்லை. லாரி டிரைவரை ஆளாளுக்குக் கூப்பிட்டுக் கத்துவது நின்றது, மேஸ்திரி ஒருவர்தான் பேச வேண்டும். வீட்டுப் படத்துக்குக் கோடு போட்டவர்கள் அரைமணி நேரம் தாமதமாக வரலாம் என்றேன், யார் என்று கேட்கவில்லை. மேகத்துக்குக் கோடு போடலாம், ஆனால் மழைக்காக எவரும் எவரையும் திட்டக் கூடாது என்று வைத்தேன். அந்த ஏற்பாடு எனக்கும் சேர்த்துத்தான்.

சீசன் முடிவதற்குள் கறைப் புகார் நின்றுபோனது. மயிலாத்தாவின் கை மட்டும் திரும்பவில்லை. இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள், இன்றைக்கும் பெட்டிதான் எண்ணுகிறாள். சுவர் ஷெட்டைச் சரிசெய்தது. அவளுக்கு அது தாமதமாக வந்தது.

3. கையேடு

மற்ற ஷெட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு அவரவர் சுவரில் படம் வரைந்துகொண்டார்கள். சங்கத்தின் செயலாளர் என் தங்கை மகன் கார்த்தி. அவன் எர்ணாகுளத்திலிருந்து பயிற்சியாளர்களைக் கூட்டிவந்து என் சுவரைப் போட்டோ எடுக்க வைத்தான். மண்டபத்தில் கூட்டம் நடந்தது. என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள், மறக்காமல் சுண்டல் கொடுத்தார்கள்.

இப்போது கையேட்டில் என் ஐந்து படங்களும் கலரில் இருக்கின்றன. "பயிற்சியாளர்கள் வடிவமைத்த முறை" என்று கீழே போட்டிருக்கிறது. கவிழ்ந்த பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் "மேற்பார்வை சார்ந்த மன அழுத்தம்" என்று எழுதி, "ஒரு முதலாளி" அடிக்கடி பெட்டிகளைக் கவிழ்த்ததாக ஒரு பத்தி.

கார்த்தியை வீட்டுக்கு வரச்சொன்னேன்.

"ஏன் மாப்ள, அந்த ஒரு முதலாளிக்குப் பேரு இல்லியா?"

"உங்க நல்லதுக்குத்தான் மாமா. பேரு போட்டா பொட்டியக் கவுத்துன கதையும் சேந்து வரும். ஒரு பொம்பளைக்குக் கை போன கதை. ஊருல உங்களுக்குத்தான கேவலம்?"

"சொவரு யாரு யோசனைன்னு தனியாப் போடலாமல்லொ?"

"ரெண்டும் ஒரே கதை மாமா. ஒண்ணைப் போட்டா இன்னொண்ணையும் போடோணும்."

அவன் போன பிறகு யோசித்தேன். படித்தவன் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. ரெண்டும் ஒரே கதைதான். உன் கீழே இருப்பவர்களின் டென்ஷனுக்குக் காரணம் தேடக் கிளம்பினால் லாரியும் மேகமும் முதலில் கண்ணில் படும். நீ கடைசியில்தான் படுவாய், அதுவும் வேறொருத்தி வரைந்து காட்டினால்தான். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். அதற்கு நான் கொடுத்த விலை என்னுடையதல்ல, மயிலாத்தாவுடைய இடது கை.

ஆகவே சங்கத்துக்கு நான் சொல்வது இதுதான். அச்சு இன்னும் ஓடவில்லை. சுவரும் ஐந்து படமும் என் யோசனை, அங்கே என் பெயரைப் போடுங்கள். ஆறாவது படம் மயிலாத்தா வரைந்தது, அதை அவள் வரைந்தபடியே போட்டு அவள் பெயரையும் போடுங்கள். பெட்டியைக் கவிழ்த்தவன் என்கிற இடத்திலும் என் பெயரையே போடுங்கள். "ஒரு முதலாளி" என்று விட்டால், படிக்கிற ஒவ்வொரு முதலாளியும் அது பக்கத்து ஷெட்டுக்காரன் என்றுதான் நினைத்துக்கொள்வான்.